குழந்தைக்கு அலர்ஜி சிரப்: 5-ம் 2.5-ம் ஒன்றா?

[திரையில்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிரப் பாட்டில்கள்]

இந்த இரண்டு பாட்டிலையும் பாருங்கள். இரண்டுமே குழந்தைகளுக்கான அலர்ஜி சிரப். ஒன்றில் 5 மில்லிக்கு 5 மில்லிகிராம் மருந்து. இன்னொன்றில் 5 மில்லிக்கு 2.5 மில்லிகிராம்தான். எது வீரியம் அதிகம்? முதல் பாட்டில் என்றுதானே சொல்வீர்கள்? இல்லை! இரண்டும் சமம். "இதில் பாதிதானே இருக்கு" என்று இரண்டாவதை இரண்டு மூடி ஊற்றினால், பிள்ளைக்கு இரட்டை டோஸ் போய்விடும்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். தும்மல், மூக்கொழுகல், தோல் தடிப்பு எல்லாவற்றுக்கும் பின்னால் நம் உடலே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது வேலை செய்யும் இடத்தை அடைப்பதுதான் இந்த மருந்து.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். முதல் பாட்டில் செட்டிரிசின், இரண்டாவது லீவோசெட்டிரிசின். செட்டிரிசினுக்குள் ஒரே மூலக்கூறின் இரண்டு வடிவங்கள் சரிபாதியாக இருக்கின்றன, ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. அதே அளவு, அதே தோல், ஆனால் இடது காலில் ஒன்றுதான் சரியாக உட்காரும். ஹிஸ்டமினின் இடத்தில் கச்சிதமாகப் பொருந்துவதும் இந்த இரண்டில் ஒரு வடிவம்தான். அதை மட்டும் பிரித்தெடுத்து விற்பதுதான் லீவோசெட்டிரிசின். அதனால்தான் பாதி எடையிலேயே முழு வேலையும் நடக்கிறது. எவ்வளவு அழகான வேதியியல்! ஆனால் லேபிளைப் படிக்காதவருக்கு இதே அழகு ஆபத்து.

அதனால் பாட்டிலின் முன்பக்கம் இருக்கும் பெயர் போதாது. எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் வரும், ஆனால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு மருந்து அதிகம். டாக்டர் சொட்டு மருந்து எழுதி, கடையில் சிரப் கொடுத்தால், அளவை மறுபடி கேட்காமல் கொடுக்காதீர்கள்.

[திரையில்: நான்கு வீட்டு ஸ்பூன்கள், ஒரு சிரிஞ்ச்]

சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஒன்றில் 3 மில்லி பிடிக்கும், இன்னொன்றில் 7 மில்லி பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்ச் மெடிக்கல் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும். பால் பாட்டிலில் கலந்தால், பாதிப் பாலை வைத்துவிட்ட பிள்ளை எவ்வளவு மருந்து குடித்தது என்றே தெரியாது.

அப்புறம் தூக்கம். "இதைக் கொடுத்தால் பஸ்ஸில் நன்றாகத் தூங்குவான்" என்று சிலர் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே பதறும். அந்தத் தூக்கம் மருந்து மூளைக்குள் போவதால் வருவது. பயணத்துக்குக் கொடுக்கும் புரோமெத்தசின் என்ற அலர்ஜி மருந்து சின்னக் குழந்தைகளின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். 2 வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கவே கூடாது என்பது அமெரிக்க மருந்துத் துறையின் உச்சகட்ட எச்சரிக்கை. சில பிள்ளைகளோ இந்த ரக மருந்தில் தூங்காமல் துள்ளுவார்கள். தயவுசெய்து தூங்க வைப்பதற்காகக் கொடுக்காதீர்கள்.

சளி டானிக்குகளிலும் இதே ரக மருந்து ஒளிந்திருக்கும். குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்தும், மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. அலர்ஜி சிரப்போடு சளி டானிக்கும் கொடுத்தால் டோஸ் இரண்டு பக்கமிருந்தும் ஏறும்.

2 வயதுக்குக் கீழே எந்த அலர்ஜி மருந்தும் டாக்டர் சொன்னால்தான். இதில் விவாதமே கிடையாது.

[திரையில்: 108]

கடைசியாக ஒன்று, இதை மட்டும் உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வேர்க்கடலை தின்றதுமோ, குளவி கொட்டியதுமோ பிள்ளைக்கு உதடோ நாக்கோ வீங்கி, மூச்சு இரைத்து, துவண்டு போனால் சிரப்பைத் தேடாதீர்கள். அதற்குத் தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, உடனே 108. மருந்து அதிகமாகப் போய் எழுப்பியும் எழாவிட்டாலும் உடனே 108தான். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு, எத்தனை மில்லி, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.