பதிவேட்டில் எழுதிய பழுப்பு

அவையோருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் தென்கோடியில் கலிபாட்ரியா என்று ஒரு சிற்றூர். அங்கே 184 அடி உயரத்தில் ஒரு கொடிக்கம்பம் நிற்கிறது. ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே அத்தனை அடி பள்ளத்தில் கிடக்கிறது. கொடியாவது கடல்மட்டத்தில் பறக்கட்டுமே என்ற ரோஷம்!

அந்த ஊர் இம்பீரியல் கவுண்டியை, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற ஒன்றை, சேர்ந்தது. பெயரில்தான் பேரரசு, பூர்வகுடிகளுக்குப் பின் வந்தவர்கள் கண்டது பாலைவனம். 1901இல் ஒரு நிறுவனம் கால்வாய் வெட்டிக் கொலராடோ ஆற்றுநீரைக் கொண்டுவந்தது. வண்டல் சேர்ந்து கால்வாய் தூர்ந்தது. அவசரத்தில், மதகு கட்டாமலே ஆற்றங்கரையை இன்னோர் இடத்தில் வெட்டினார்கள். மடை காக்கும் எந்த விவசாயியும் வேண்டாம் என்றிருப்பான். 1905 வெள்ளத்தில் ஆறே திசைமாறிப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. ரயில் கம்பெனி பாறைகளைக் கொட்டி 1907இல் உடைப்பை அடைத்தது. தேங்கிய நீர்தான் சால்டன் கடல். அதே ஆண்டு சான் டியேகோவிலிருந்து பிரிந்து கவுண்டி பிறந்தது.

தண்ணீர் வந்த இடத்துக்கு ஆள் வராமலா? மெக்சிகர், ஜப்பானியர், பஞ்சாபியர் வந்தார்கள். பஞ்சாபியரில் பெரும்பாலோர் சீக்கியர், சிலர் முஸ்லிம்கள். ஊராருக்கு எல்லோரும் 'இந்து'தான். குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வாங்க 1913 சட்டம் தடை போட்டது. சொந்த ஊரிலிருந்து மனைவியை அழைக்கும் வழியை 1917 சட்டம் அடைத்தது. பருத்திக் காட்டில் கூட வேலை செய்த மெக்சிகப் பெண்களைப் பலர் மணந்துகொண்டார்கள்.

திருமண உரிமம் வாங்கப் போனால் படிவத்தில் 'இனம்' என்றொரு கட்டம். வெள்ளையருக்கும் மற்றவர்க்கும் கலப்புமணம் கூடாது என்று சட்டம் மிரட்டிய காலம். குமாஸ்தா இருவரையும் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு கட்டத்திலும் 'பழுப்பு' என்று எழுதிவிடுவார். வேலை முடிந்தது! அந்த வீடுகளில் பிள்ளைகள் தாயின் ஸ்பானிய மொழி பேசி, தேவாலயத்துக்குப் போய், பெயருக்குப் பின்னால் 'சிங்' என்று எழுதினார்கள். பிறப்பால் குடிமக்களான அந்தப் பிள்ளைகளின் பெயரில் அப்பன்மார் நிலம் வாங்கினார்கள்.

இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு 1946இல்தான் திறந்தது. கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றும் அங்கே விவசாயம் பார்த்த தலீப் சிங் சௌந்த், 1950இல் வெஸ்ட்மார்லண்ட் என்ற ஊரின் நீதிபதியாகத் தேர்வானார். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. 1952இல் மறுபடி நின்றார். ஓர் உணவகத்தில் ஒருவர், "நீங்கள் வென்றால் நீதிமன்றத்துக்கு வர எங்களுக்குத் தலைப்பாகை தருவீர்களா, நாங்களே வாங்கவேண்டுமா?" என்று சீண்டினார். தலைமேல் என்ன இருந்தாலும் கவலையில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும் என்றார் சௌந்த். கடையே சிரித்தது. தேர்தலில் வென்றார், 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார்.