பலகையில் ஒரு பனங்காடு

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

நம் அந்தேரியில் வாழ்ந்த ஓவியர் சித்தப்ரசாத், ஓவியக் கல்லூரியில் படித்தவரல்ல. 1943 வங்கப் பஞ்சத்தின்போது மேதினிபூர் கிராமங்களில் நடந்து, கண்டதை வரைந்தார். அந்த வரைபடங்கள் நூலானபோது பிரதிகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்தது. பிறகு பம்பாய்க்கு வந்து லினோ எனும் மென்தகட்டிலும் மரத்திலும் படம் செதுக்கி, மை பூசித் தாளில் அச்சிட்டார். அவர் உழவர் இல்லை. ஆனால் ஏர் பிடித்த ஒருவர் தானாகவே மரச்செதுக்குப் பழக நினைத்தால், ஆசிரியர் இல்லையே என்று தயங்க வேண்டாம். மரத்தின் நாரோட்டம் அவர் கைக்கு ஏற்கெனவே தெரியும். பாதி வேலை அதுதான்.

முக்கால் அங்குல மாம்பலகை போதும். தேக்கு வேண்டாம், அதிலுள்ள சிலிக்கா உளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். ஈரம் காய்ந்த பலகையா என்று பார்த்து வாங்குங்கள். 220 உப்புத்தாளால் தேய்த்தபின், படத்தை இடவலம் மாற்றி வரையுங்கள். மாற்றாவிட்டால் உழுபவர் வலக்கையில் பிடித்த மேழி, தாளில் இடக்கைக்குப் போய்விடும்.

நாரோட்டத்தை எப்படி வைப்பது என்பதைப் படம்தான் சொல்லும். வயலும் வரப்பும் நீளவாட்டில் ஓடும் காட்சிக்கு நார் கிடையாக இருக்கட்டும். நெல்லைப் பக்கத்துப் பனங்காடு என்றால் செங்குத்தாகத் திருப்புங்கள். பனையின் நெடிய விளிம்பை நாருக்குக் குறுக்கே வெட்டினால் சிம்பு பிய்ந்து, கறுப்புக் கோடு பல்போன சீப்பாகிவிடும்.

செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. ஆகவே நீங்கள் வெட்டுவது மரத்தை அல்ல, வெளிச்சத்தை. கோட்டின் ஓரத்தைக் கத்தியால் வெளிப்புறம் சாய்த்து வெட்டுங்கள். உள்பக்கம் குடைந்தால் அடி மெலிந்து, அச்சிடும்போது கோடு உடைந்துவிடும். வானம் போன்ற அகன்ற வெள்ளையைப் பள்ள உளியால் 3 மில்லிமீட்டராவது ஆழப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மை பூசும் ரோலர் அங்கே தாழ்ந்து மை ஒட்டும். மேகத்தில் அப்படி விழும் உளித்தடங்களைச் சிலர் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். எனக்கு அது அழகுதான். ஆனால் தெரியாமல் விழுந்தால் வானம் அழுக்காகத் தெரியும்.

எண்ணெய் மையைக் கண்ணாடியில் ரோலரால் மெல்லிய படலமாக உருட்டுங்கள். 'சர்ர்' என்று சன்னமாகச் சத்தம் வந்தால் பதம் சரி. சளசளவென்றால் மை அதிகம், நாற்று வரிகளெல்லாம் அடைத்துவிடும். அந்த ரோலரைப் பலகைமேல் உருட்டி மை பூசியபின், மெல்லிய கைத்தாளை மேலே விரித்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். பிரஸ் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தை மறுபடி தேய்க்கலாம். மற்ற மூன்று மூலைகளும் நகரக்கூடாது.

நம் ஊர் மழைக்காலம் தனித் தொல்லை. பலகை ஒருபக்கம் வளையும். முன்னும் பின்னும் ஷெல்லாக் எனும் அரக்கு மெருகைப் பூசுங்கள். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடையுங்கள், தண்ணீர் படவே கூடாது. ஜூலையில் அச்சிட்ட தாளில் மை காய அதிக நாள் ஆகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். வணக்கம்.