உப்புக்கு மசியாத சாஃப்ட்னர்

வணக்கம் நேயர்களே. அப்பார்ட்மென்ட்களில் போர் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க மாட்டியிருக்கும் சாஃப்ட்னரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மூட்டை மூட்டையாக உப்பு போட்டாலும் பக்கெட்டில் வெள்ளைத் திட்டு போகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று புகார் வந்தால், அசோசியேஷன் செய்வது இன்னொரு மூட்டை உப்பு வாங்குவதுதான்.

பல இடங்களில் கோளாறு உப்பில் இல்லை, இரும்பில். போர் தண்ணீர் மேலே வரும்போது தெளிவாகத்தான் இருக்கும். அதில் கரைந்திருக்கும் இரும்பு காற்று பட்டதும் துருவாகி, சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் என்ற சின்ன பிளாஸ்டிக் மணிகள்மேல் படிந்துவிடும். கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ரெசினிலிருந்து கழற்றிவிடுகிற உப்புத் தண்ணீருக்கு இந்தத் துரு அசையாது. சந்தேகமா, டெக்னீஷியனை விட்டு மேலாக ஒரு கைப்பிடி ரெசின் எடுக்கச் சொல்லுங்கள். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் இருந்தால் விஷயம் முடிந்தது.

சரி, எப்படிக் கழுவுவது? முதலில் நன்றாக பேக்வாஷ், அதாவது கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு அலசுவது, அப்புறம்தான் மருந்து. ஊறுகாய்க்குப் போடும் அதே சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து உள்ளே விட்டு, வீட்டுக்குப் போகும் தண்ணீர் சாஃப்ட்னருக்குள் போகாதபடி லைனை பைபாஸில் வைத்து, சில மணி நேரம் ஊறவிட வேண்டும். வடியும் தண்ணீர் மஞ்சளும் பழுப்புமாக வரும். தெளியும்வரை அலச வேண்டும். அதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் வம்பு. ஆசிட் பட்ட ரெசின் சோடியத்துக்குப் பதிலாக ஹைட்ரஜனை விடும், குழாயில் அமிலத் தண்ணீர் வரும், உலோகக் குழாயை அரிக்கும். அதனால் உப்பு ரீஜெனரேஷன், அதாவது உப்புத் தண்ணீர் விட்டு ரெசினில் சோடியத்தைத் திரும்ப ஏற்றுவதைச் செய்து, அலசிய பிறகுதான் லைனைத் திறக்க வேண்டும்.

டாய்லெட் ஆசிட் மலிவு, துருவையும் கரைக்கும். ஆனால் இரும்பு டேங்காக இருந்தால் டேங்கையும் சேர்த்தே கரைக்கும். இன்னொன்று, சம்ப் கழுவ வைத்திருக்கும் ப்ளீச்சிங் பவுடரை ஆசிட் பக்கத்தில்கூட கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, அதுவும் காற்றோட்டமே இல்லாத பம்ப் ரூமில், உயிருக்கே ஆபத்து. ப்ளீச்சிங் பவுடரைத் தனியாகப் போட்டாலும் ரெசின் கெடும். மணிகள் மெத்தென்றாகி விரலில் நசுங்கும், அந்த நிலைக்கு வந்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கழுவிய தண்ணீரை மட்டும் மழைநீர் சேகரிப்புக் கிணற்றில் விடாதீர்கள், அந்த உப்பு உங்கள் போருக்கே திரும்பிப் போகும்.