துப்பாக்கிச் சட்டம் ரவுடிய ஒடுக்குதா, வளக்குதா? நெல்லைக் கணக்கு!

[திரையில்: மேசை நிறைய அருவா, ஓரத்துல ஒத்தத் துப்பாக்கி]

2021 செப்டம்பர். தமிழ்நாடு போலீஸ் மாநிலம் முழுக்க ரவுடிகளத் தேடி ராத்திரி பகலா சோதனை போட்டாங்க. சிக்குன ஆயுதம் ஆயிரத்துக்கும் மேல. அதுல துப்பாக்கி எத்தன இருக்கும்னு நினைக்கீங்க அண்ணாச்சி? பத்து கூடத் தேறல! மிச்சம் பூரா அருவாளும் கத்தியும்தான்.

அப்ப சட்டம் ஜெயிச்சுட்டா, இல்ல ரவுடி ஆயுதத்த மாத்திக்கிட்டானா? ரெண்டும் நடந்திருக்கு. எப்படின்னு சொல்லுதேன். லைக்க அப்புறமா போடுங்க, முதல்ல கேளுங்க.

வரலாறு ஒரே மூச்சுல: 1878ல வெள்ளக்காரன் போட்ட ஆயுதச் சட்டம், 1959ல நம்ம சட்டம், 2016ல புது விதிகள், 2019ல திருத்தம். முடிஞ்சுது.

அந்தத் திருத்தம் மட்டும் கொஞ்சம் முக்கியம். ஒரு ஆளு மூணு துப்பாக்கி வச்சுக்கலாம்னு இருந்தது ரெண்டாச்சு. உரிமம் இல்லாம வச்சிருந்தா முன்னால 1 முதல் 3 வருஷம், இப்ப 2 முதல் 5. குற்றக் கும்பலுக்காகச் செஞ்சா 10 வருஷத்துல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும் போகும். மூணு துப்பாக்கி வச்சிருந்த பெரிய வீட்டுக்காரரு ஒண்ண ஒழுங்கா கொண்டுபோய் ஒப்படைச்சாரு. கும்பல்காரன் எத ஒப்படைப்பான்? அவன்கிட்ட உரிமமே கிடையாதே!

[திரையில்: மணியாச்சி ஜங்ஷன்]

இந்த ஓட்டை புதுசு இல்ல. 1911 ஜூன் 17, மணியாச்சி. கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டியில உக்காந்திருக்கான். வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் பிஸ்டல். 1878 சட்டம் அமல்ல இருந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆன நேரம் அது. பயிற்சி நடந்தது பாண்டிச்சேரியில, பிரெஞ்சுக்காரன் எல்லையில. வெள்ளக்காரன் சட்டம் அங்க செல்லாது. வாஞ்சிய நான் ரவுடியோட சேக்கல, கமெண்ட்ல சண்டைக்கு வந்துராதீங்க. வழிய மட்டும் பாருங்க: இந்தப் பக்கம் சட்டம் இறுக்கமா இருந்தாலும், பக்கத்து எல்லை திறந்து கிடந்தா சரக்கு வந்துரும். மெக்சிகோவுலயும் இதே கததான். பொதுமக்களுக்குச் சட்டப்படி துப்பாக்கி விக்கிற கடை ராணுவத்தோடது, நாட்டுக்கே ஒண்ணு ரெண்டுதான். ஆனா கும்பல்ககிட்ட பிடிபட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு தடம் பாத்த துப்பாக்கிகள்ல பெரும்பகுதி வட எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்கக் கடையில வாங்குனது.

நமக்கு அந்த எல்லை எது? பீகார் முங்கேர். வங்காள நவாப் மீர் காசிம் காலத்துல இருந்து துப்பாக்கி செய்யுத ஊரு. உரிமம் வாங்குன பட்டறைகள்ல வேல குறைஞ்சுது, கைத்தொழில் தெரிஞ்சவன் வீட்டுலயே கள்ளத்தனமா செய்ய ஆரம்பிச்சான். அந்தச் சரக்கு ரயில்ல தெக்க வருது.

ஆனா இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம். துப்பாக்கி செய்யுதது பெரிய வித்தை இல்ல, தோட்டாதான் கஷ்டம். பட்டறையில குழாய் உருட்டலாம். தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு, பின்னால அடிச்சதும் பொறி கக்குத மருந்து, சரியான அளவுல வெடிமருந்து எல்லாம் வேணும். அதனால பெரும்பாலும் உரிமக் கடைக் கணக்குல இருந்து கள்ளத்தனமா வெளிய போறதுதான் கும்பல் கைக்கு வருது. தோட்டாவுக்குப் பஞ்சம்னா சுட்டுப் பழகவும் முடியாது, அவசரத்துல நாட்டுத் துப்பாக்கி வெடிக்காம நின்னுரும், இல்லன்னா கையிலயே வெடிச்சுரும். வாடகைக் கொலைகாரன் இத நம்புவானா?

அதனால நம்மூர்ல அருவா. இப்ப ஆள் கணக்கு போடுவோம். துப்பாக்கின்னா வண்டி ஓட்ட ஒருத்தன், சுட ஒருத்தன். அருவான்னா நோட்டம் பாக்க ஒருத்தன், மறிக்க ஒருத்தன், வெட்ட மூணு நாலு பேரு, வண்டியோட நிக்க ரெண்டு பேரு. இது பத்தாதுன்னு தூரத்துக் கோர்ட்ல போய் சரண்டர் ஆக ஆளு வேற! ஆளுக்கு ஒரு போன், போனுக்கு ஒரு டவர், தெருவுக்கு ஒரு கேமரா, சட்டையில ரத்தம். அதுல ஒருத்தன் வாயத் திறந்தா மொத்தக் கூட்டமும் உள்ள. இந்த வகையில சட்டம் போலீசுக்கு லாபம்.

நட்டம் எங்க? எட்டு பேரு வேணும்னா எட்டு பேரத் தீனி போட்டு வளக்கணும். வேலை இல்லாத பையனுக்கு பைக், சாப்பாடு, வக்கீல் பீஸ், ஜாமீன்தாரர், அவன் உள்ள இருக்கையில வீட்டுச் செலவு. கந்துவட்டி, மணல், நிலத் தகராறுன்னு பணம் எங்கயாவது வந்தே ஆகணும். துப்பாக்கி இல்லாத கும்பல் ஆள் எண்ணிக்கையில பெருத்துப் போகுது. என் அபிப்ராயம் இதுதான்: சட்டம் சாவக் குறைக்குது, கும்பலக் குறைக்கல.

சரி, அருவாளத் தடை பண்ணிரலாமே? ஆயுத விதிப்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா அது ஆயுதக் கணக்கு. ஆனா வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செஞ்சதுக்கு விலக்கு உண்டு. களக்காட்டுல வாழைத்தார் வெட்டுதவர் என்ன, நகவெட்டி கொண்டா வெட்டுவாரு? வாங்குதவர் பேரு விலாசம் எழுதணும், கேமரா மாட்டணும்னு பட்டறைகளுக்குச் சொன்னாங்க. லாரி வில்பட்டையில அடிச்ச அருவாள்ல நம்பர் கிடையாது. நோட்டுல எழுதுன அருவாதான் இதுன்னு எந்தக் கொல்லரு சாட்சி சொல்லுவாரு?

துப்பாக்கி வழக்காவது நிக்குதான்னா, அதுவும் சறுக்குது. பிடிச்ச இடத்துலயே சீல் வைக்கணும், சாட்சி கையெழுத்து வேணும், சுடுத நிலையில இருக்குன்னு தடய அறிவியல் அறிக்கை வேணும். வழக்கு நடத்த ஆயுதச் சட்டம் 39ஆவது பிரிவுப்படி கலெக்டர் அனுமதி வேணும். நெல்லை மாநகரம்னா கமிஷனர். சீல் தாமதமானாலோ, கோப்பப் படிக்காம அனுமதி போட்டாங்கன்னு வக்கீல் காட்டிட்டாலோ, ஆளு வெளிய.

ஜப்பான் வேற வழி பிடிச்சான். துப்பாக்கிக்கு 1958லயே கடுமையான சட்டம். ஆனா அந்த ஊரு ரவுடிக் கும்பலான யாகுசாவ உலுக்குனது பணத்துல கை வச்சதுதான். அடியாள் பண்ணுன தப்புக்குத் தலைவனே நஷ்டஈடு கட்டணும்னு 2008ல கொண்டுவந்தான், அப்புறம் பேங்க் கணக்கு, வீட்டு வாடகை எல்லாத்தையும் அடைச்சான். 1960கள்ல 1,80,000 பேருக்கு மேல இருந்தவங்க இப்ப 20,000 பக்கம். நம்ம ஊர்ல 2003லயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு. அத ஆயுதச் சட்டம் அளவுக்கு ஓங்கிப் பிடிச்சா எட்டு பேருக்குச் சோறு போட முடியுமா?

"அப்ப எல்லாருக்கும் துப்பாக்கி குடுத்துரு"ன்னு கமெண்ட் போடப் போற தம்பிக்கு: பிரேசில் 2019ல இருந்து தளர்த்திப் பாத்தான். பினாமி பேர்ல உரிமம் எடுத்து கும்பலே கடையில போய் வாங்குனான்!

கடையம், பாபநாசம் பக்கம் காட்டுப் பன்னிக்காக உரிமத் துப்பாக்கி வச்சிருக்க அண்ணாச்சிமாருக்கு ஒரு கேள்வி. தேர்தலுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சீங்கள்ல, திரும்பக் கைக்கு வர எத்தன நாளாச்சு? அதுவரைக்கும் கிழங்க யாரு காத்தா? கமெண்ட்ல எழுதுங்க.