வகுப்புக்கு ஒரு வலைப்பூ

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

வலைப்பூ தொடங்குவது பத்து நிமிட வேலை. கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் கூகுள் கணக்கோடு நுழைந்து தலைப்பும் முகவரியும் கொடுத்தால் போதும், காசு கிடையாது. முகவரியில் வகுப்பையும் ஆண்டையும் சேர்க்காதீர்கள், அடுத்த ஜூனில் பழசாகிவிடும்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. ஆசிரியர் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்குவார், இடமாறுதல் வரும், கடவுச்சொல்லும் அவரோடு பஸ் ஏறிவிடும். ஆகவே பள்ளிக்கென்று தனிக் கணக்கு வேண்டும். அமைப்புகளில் அனுமதிகள் பகுதிக்குப் போய் இன்னோர் ஆசிரியரை அழையுங்கள். அவர் ஏற்றுக்கொண்டதும் நிர்வாகியாக்குங்கள். கருத்து மட்டுறுத்தலை, அதாவது வாசகர் கருத்தை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியிடும் வசதியை, 'எப்போதும்' என்று வையுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது கண்றாவி விளம்பரம் வந்து உட்காரும், அதை முதலில் பார்ப்பது ஒரு பெற்றோராகத்தான் இருக்கும்.

அடுத்தது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அதில் அடித்த 'அம்மா'வை அப்படியே ஒட்டினால், 'ம்' மேல் இருக்கவேண்டிய புள்ளி அரைப்புள்ளியாகி, மற்றதெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு ஒட்டுங்கள். புதிதாக அடிப்பவர்கள் தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழகிக்கொள்ளலாம். வேர்டிலிருந்து எடுத்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அங்கிருந்த எழுத்தளவும் நிறமும் கூடவே வந்து பக்கத்தைக் கெடுக்காது.

படங்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் படிவத்தில் எழுத்து, ஓவியம், பெயர், முகம் நான்குக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். ஓவியத்துக்குச் சரி என்பவர் முகத்துக்கு மறுக்கலாம். என்னைக் கேட்டால் முகமே வேண்டாம்; கையும் நோட்டும் போதும். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள்.

முதல் பதிவாக வரவேற்புரை எழுதாதீர்கள், யாரும் படிப்பதில்லை. ஈரப் பஞ்சில் பத்துப் பச்சைப்பயறு வையுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல், தினமும் அதே இடத்தில் ஒரு படம், ஐந்து நாள். பிள்ளைகள் நாளுக்கு இரண்டு வரி நோட்டில் எழுதட்டும். திருத்திய பிறகு நீங்கள் ஏற்றுங்கள். எத்தனை முளைக்கவில்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 'ஏன் முளைக்கவில்லை?' என்று ஏதாவது ஒரு வீட்டிலிருந்து கேள்வி வரும், அடுத்த பதிவுக்கு அதுவே பொருள்.

மாதம் இரண்டு பதிவு தாராளம். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.