கிரிகரி பெக் நடிச்ச பர்மா படம்: கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மோல்மின்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காங்க. "ஐயா, நீங்க சொன்ன 'தி பர்ப்பிள் ப்ளைன்' பார்த்தேன். பாதிக்கு மேல கதாநாயகியையே காணோம். இது காதல் படமா, சண்டைப் படமா? நம்ம பர்மாவிலதான் எடுத்தாங்களா?"

காதல் படம்தான் தம்பி, எனக்கு அதுல சந்தேகமே இல்லை. 1954ல வந்தது, ராபர்ட் பாரிஷ் இயக்கினது. கதை நடக்கிறது 1945, பர்மா சண்டை முடியப்போற நேரம். ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக் இதுல விமானி. கல்யாணம் ஆன ராத்திரியே லண்டன்ல குண்டு விழுந்து மனைவி போயிட்டாங்க. அதிலிருந்து விமானம் ஏறுறதே சாகிறதுக்குத்தான். அப்படிப்பட்டவர் அன்னான்னு ஒரு பர்மியப் பெண்ணைப் பார்க்கிறார், மனசு மாறுது. அப்புறம்தான் விமானம் விழுது.

இப்ப பாருங்க, தண்ணியில்லாத காட்டுல, அடிபட்ட சிநேகிதனை முதுகுல சுமந்துகிட்டு நடக்கிறாரே, அந்த ஆளு யாரு? சாக அலைஞ்ச அதே ஆளு! கூட வந்த ப்ளோர் நம்பிக்கை போய்த் தன்னையே சுட்டுக்கிறார். இவர் நடக்கிறார். ஏன்? திரும்பிப் போனா அன்னா இருக்கா. அவ திரையில இல்லாத அந்த நேரத்துலதான் காதலோட பலம் தெரியுது. 1942ல ஜப்பான் படைக்குப் பயந்து, எல்லை ஊரான தமு வழியா இந்தியாவுக்கு நடந்த நம்ம பெரியவங்க கதையைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இந்த நடை நெஞ்சைப் பிசையும். அந்த ஜனங்களைப் பத்திப் படத்துல ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது பெரிய குறை.

கடைசியில வந்து சேர்ந்ததும் கட்டிப்பிடிக்கிறது, அழுகிறது எதுவும் கிடையாது. தூங்கிக்கிட்டிருக்கிற அன்னா பக்கத்துல போய்ப் படுத்துக்கிறார், அவ்வளவுதான். அந்த அடக்கத்துக்காகவே இன்னொரு தடவை பாருங்க.

எடுத்தது இங்க இல்லை, இலங்கையில. ஆனா அன்னாவா நடிச்சவங்க பேரு 'வின் மின் தான்', அசல் பர்மியப் பெண். இதைச் சாதாரணமா நினைக்காதீங்க. 1937ல 'தி குட் எர்த்' படத்துல சீன விவசாயி மனைவியா நடிச்சது லூயிஸ் ரெய்னர்னு ஒரு வெள்ளைக்கார அம்மா. அதுக்கு ஆஸ்கரும் கொடுத்தாங்க. அந்தக் காலத்து வழக்கம் அது. அப்படியிருக்க, பெக் மாதிரி பெரிய நட்சத்திரத்துக்கு ஜோடியா நம்ம நாட்டுப் பெண் நின்னாங்க. பேச்சு குறைவு, கண்ணாலயே பேசுவாங்க. இன்னும் நிறைய படத்துல அவங்களைப் பார்த்திருக்கணும்!

அடுத்த கேள்விக்கு வரேன்.