மழுங்கின ஊசியும் 400 டி-ஷர்ட்டும்: சின்ன பனியன் கம்பெனியில தரம் எங்க ஆரம்பிக்குது?

[காட்சி: திருப்பூர்ல ஒரு தையல் யூனிட். செக்கிங் மேஜையில டி-ஷர்ட் குவியல்.]

20 மெஷின் ஓடற ஒரு ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மத்த கம்பெனிக்குக் கூலிக்குத் தைச்சுக் கொடுக்கற இடம்னு வச்சுக்கோங்க. காலையில 9 மணிக்கு, மடிப்பு தைக்கிற ஒரு பிளாட்லாக் மெஷின்ல ஊசி முனை மழுங்கிடுது. கீழ் மடிப்புல அங்கங்க தையல் விட்டுப் போகுது. தைக்கிறவங்க கண்ணுல அது படல. அந்த பீஸெல்லாம் செக்கிங்குக்கு வர மதியம் 1 மணி ஆயிடுது. மணிக்கு 100 பீஸ்னு வச்சாலும் 400 பீஸ்!

ஊசி சில ரூபாதான். ஆனா 400-ஐயும் பிரிச்சுத் தைக்கணும். பின்னல் துணி, பிரிக்கும்போது ஓட்டை விழுந்தா அந்த பீஸே டேமேஜ். அன்னைக்கு முழுக்க மெஷின் ஓடும், கூலி ஏறும், பெட்டிக்குள்ள போற பீஸ் மட்டும் ஏறாது.

[காட்சி: மெஷின் மேல பச்சை, சிவப்பு அட்டை.]

"செக்கிங்குக்குத்தான் நாலு பேர் இருக்காங்களே"ன்னு கேப்பீங்க. அவங்க நல்லதையும் கெட்டதையும் பிரிப்பாங்க, அவ்வளவுதான். தப்பு நடக்கற இடத்துலயே பிடிக்கணும்னா ஒருத்தர் மெஷின் மெஷினா சுத்தி வரணும். ஒவ்வொரு மெஷின்லயும் 7 பீஸ் எடுத்துப் பார்க்கறது பல கம்பெனிகள்ல இருக்கற வழக்கம். சரியா இருந்தா பச்சை அட்டை. இல்லைன்னா சிவப்பு, மெஷினை நிறுத்தி, காரணத்தைச் சரி பண்ணிட்டுத்தான் மறுபடி ஓட்டணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு சுத்து வந்தாலே அந்த 400 பாதியாயிடும்.

துணியையும் வெட்டறதுக்கு முன்னாடியே பாருங்க. வட்டக் கட்டர்ல 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, எடை போட்டு, கிராமை 100-ஆல பெருக்கினா ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு வந்துடும். 1.8 கிராம்னா 180 ஜிஎஸ்எம். ரெண்டு நிமிஷ வேலை.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படற விஷயம். பீஸ் ரேட்ல, அதாவது பீஸ் எண்ணிக் கூலி வாங்கித் தைக்கிற அக்காவுக்குப் பிரிச்சுத் தைக்கிற நேரத்துக்குக் காசு கிடைக்காத இடம் உண்டு. சிவப்பு அட்டை விழுந்ததும் அவங்களைத் திட்டினா, அடுத்த தடவை கெட்ட பீஸ் மூட்டைக்கு நடுவுல போயிடும். மழுங்கின ஊசி அவங்க தப்பா? நேரத்துக்கு மாத்தித் தராதது யாரு?

[காட்சி: 40 பக்க நோட்டு.]

ஒரு நோட்டு போடுங்க. எந்த மெஷின், எத்தனை மணி, என்ன தப்பு, எதனால, இந்த நாலும் போதும். ஆள் பேர் எழுத வேண்டாம். ஒரு வாரம் கழிச்சு, எந்த மெஷின் பேர் அடிக்கடி வருதுன்னு எண்ணிப் பாருங்க. மெக்கானிக்கை முதல்ல அந்த மெஷினுக்கு அனுப்புங்க.